புகையில்லா அடுப்பும் அதன் குழாயும்

கொடியடுப்பு தெரிந்தவர்களுக்குப் புகையில்லா அடுப்பின் பாதிக் கதை தெரியும். பெரிய அடுப்பில் எரியும் நெருப்பு, பக்கச் சுவரில் விட்ட துளை வழியே அடுத்த அடுப்புக்குப் போகும். அங்கே விறகே வைக்காமல் குழம்பு கொதிக்கும். இல்லாவிட்டால் ரசமாவது ஆறாமல் இருக்கும். ஒரு பானையைச் சுட்ட அனலை இன்னொரு பானைக்கும் கடத்தலாம் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்வதற்கு முன்பே தமிழ்நாட்டு அடுப்பங்கரை அறிந்திருந்தது. இரண்டாம் பானையையும் சுட்டுவிட்டு வருகிற புகைக்குத்தான் யாரும் வழி செய்யவில்லை. அடுப்புக் குமிழ்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாக அது மேலே வந்தது. சமைக்கிறவள் கண்ணையும் நெஞ்சையும் நிறைத்துவிட்டுக் கூரையில் ஒட்டடையாகத் தொங்கியது. பிறகு ஓட்டுச் சந்திலும் கீற்றிடுக்கிலும் மெல்லக் கசிந்தது. வசதியான வீடுகளில் சமையலறைக்கு மேல் புகைக்கூண்டு வைத்துக் கட்டினார்கள். ஆனால் புகைக்கூண்டு அறைக்குள் வந்துவிட்ட புகையைத்தான் வெளியேற்றும். மூச்சில் போனது போனதுதான்.

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு போன்ற கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. இங்கே விறகு என்றால் சவுக்கு மட்டும் அல்ல. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, உரிமட்டை, கொட்டாங்குச்சி எல்லாமே அடுப்புக்குப் போகும். கொட்டாங்குச்சி கொழுந்துவிட்டு எரியும். ஈரம் ஏறிய மட்டையும் உரிமட்டையும் எரிவதை விடப் புகைவதே அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்தது எதுவும் கையில் கிடைக்காது. போதாததற்குக் குடிசை வீட்டின் கூரையும் அதே தென்னையின் கீற்று. ஆகவே இந்த மண்ணில் அடுப்பிலிருந்து ஒரு குழாயை வெளியே கொண்டுபோவது என்றால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும்: புகை அறைக்குள் திரும்பக் கூடாது, தீ கூரைக்குத் தாவக் கூடாது.

புதுச்சேரிக்குப் புகைபோக்கி புதிதல்ல. ரோடியர் மில் தொடங்கிய 1898-ஆம் ஆண்டுக் காலத்திலேயே நீராவியும் கொதிகலனும் இந்த ஊர் அறிந்தவைதான். கொதிகலனுக்கு எவ்வளவு உயரத்தில் புகைபோக்கி வேண்டும், எவ்வளவு அகலம், இழுப்பு போதுமா என்று கணக்குப் போட்டுக் கட்டுவதற்கு அந்தக் காலத்திலேயே பொறியாளர்கள் இருந்தார்கள். தேநீர்க் கடையின் செம்பு பாய்லரைப் பாருங்கள். நடுவில் ஒரு குழாய் ஓடும், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கரி நெருப்பு. புகை போகிற வழியிலேயே தண்ணீரும் கொதிக்கும். ஆலைக்கும் கடைக்கும் கிடைத்த இந்தக் கணக்கு வீட்டு அடுப்புக்கு மட்டும் நெடுநாள் கிடைக்காமல் போனதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. கரி வீணானால் முதலாளிக்கு நட்டம். பெண்ணின் கண் எரிந்தால் யார் கணக்கிலும் ஏறாது.

குளிர் நாடுகளிலும் இது எளிதில் சரியாகிவிடவில்லை. அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசில் பணியாற்றிய பெஞ்சமின் தாம்சன், பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்டவர், வீடுகளின் கணப்பறைகளில் புகை திரும்புவதற்கான காரணத்தை ஆராய்ந்து 1796-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அகலமான புகைபோக்கிதான் நல்லது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் அதன் தொண்டையை நான்கு அங்குலத்துக்குக் குறுக்கச் சொன்னார். வழி அகலமாக இருந்தால் அறையின் குளிர்ந்த காற்றும் கூடவே நுழைந்து புகையைக் குளிர்வித்துவிடும்; சூடு போன புகை மேலே ஏறாது. நெருப்பை மூடி வைத்து, புகைவழியில் அடைப்புத் தகடு பொருத்தி, வேண்டிய அளவுக்கு மட்டும் திறக்கும் சமையலடுப்புகளையும் அவர் மூனிக்கில் கட்டினார். அடைப்புத் தகடு, குறுகிய தொண்டை, மூடிய நெருப்பு ஆகிய இந்த மூன்றும் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவின் மண் அடுப்பில் வந்து சேர்ந்தன.

அப்படி வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது வார்தாவின் மகன்வாடி. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934 டிசம்பரில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை அங்கிருந்து நடத்தினார். கணக்காளராகப் படித்தவர், சிறையிலிருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி நூல் எழுதியவர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், சோப்பு, விளக்கு என்று ஊர்த் தொழிலை ஒவ்வொன்றாக எடுத்துச் சீர்செய்து கொண்டிருந்த இடம் அது. 1947-இல் அங்கிருந்துதான் ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி வைத்த மண் அடுப்பு வெளிவந்தது. பெரிய உலையையும் எஞ்சினையும் பற்றி நாடு பேசிக்கொண்டிருந்த ஆண்டில் ஓர் அமைப்பு அடுப்பங்கரைக்குள் போய் உட்கார்ந்து புகையைக் கவனித்தது என்பதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை. புதுச்சேரி அப்போதும் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில்தான் இருந்தது.

அடுத்த பெரிய அடி ஐதராபாத்தில் விழுந்தது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, பல பானைகள் வரிசையாக அமரும் ஒரு மூடிய அடுப்பை உருவாக்கினார். ஆய்வுக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘ஹெர்ல்’ அடுப்பு என்றார்கள். கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் எழுதிய கையேட்டை 1953-இல் சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. விறகு முதல் பானையின் கீழ் எரியும். அனல் மண்ணுக்குள் குடைந்த வழியில் இரண்டாவது பானைக்கும் மூன்றாவது பானைக்கும் போகும். கடைசியில் நிமிர்ந்து நிற்கும் குழாயில் ஏறும். இரும்புத் தகட்டை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் இழுப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். கொடியடுப்பின் துளையை நீட்டி அதன் கடைசியில் ஒரு வாய் திறந்ததாகவே நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒரு மாற்றம் மட்டும் கை பழகியவர்களுக்குப் பிடிக்காமல் போனது. பழைய அடுப்பில் பானையைச் சற்று உயர்த்திப் பிடிக்கக் குமிழ்கள் உண்டு. புகையில்லா அடுப்பில் குமிழ் கிடையாது. பானை துளையோடு ஒட்டி, சந்தில்லாமல் உட்கார வேண்டும். சிறிய பாத்திரத்தைப் பெரிய துளையில் வைத்தால் இடைவெளி விழும்; இரண்டாம் துளையைத் திறந்து போட்டாலும் அதே கதி. குழாய் அப்போது அடுப்பிலிருந்து இழுக்காமல் அறைக் காற்றைத்தான் இழுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் பாத்திரங்களை அளந்து துளை வெட்டாதவரை இந்த அடுப்பு சரிப்படாது. ஒரே அச்சில் ஆயிரம் அடுப்பு வார்க்க நினைத்தவர்கள் முதலில் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

குழாய் எப்படி இழுக்கிறது? சூடான காற்று லேசாக இருக்கும், சுற்றியுள்ள குளிர்ந்த காற்று கனமாக இருக்கும். கனமானது கீழிருந்து நுழைந்து லேசானதை மேலே தள்ளும். இதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தள்ளலின் அளவு எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தால் குழாயை நாம் வேறு கண்ணோடு பார்ப்போம். வெளியே 30 டிகிரி வெப்பம், குழாய்க்குள் சராசரி 150 டிகிரி, குழாயின் உயரம் மூன்று மீட்டர் என்று வைத்தால் கிடைக்கும் இழுப்பு சுமார் 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம் அவ்வளவுதான். அந்த ஒரு மில்லிமீட்டரை நம்பித்தான் முழு அடுப்பும் வேலை செய்கிறது. நடுவில் ஒரு கூர்மையான வளைவு, காற்று கசியும் ஓர் இணைப்பு, பக்கத்துச் சுவரில் மோதித் திரும்பும் கடற்காற்று, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், புகை வந்த வழியே திரும்பிவிட.

அதோடு படிவு. ஈர விறகின் புகை ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே குளிரும்போது அதிலுள்ள ஆவி தாராகக் குழாயின் உள்சுவரில் ஒட்டும். நான்கு அங்குலக் குழாயில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கரி படிந்தால் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைபட்டுவிடும். அந்தத் தார் எரியக்கூடியது. ஒரு நாள் கொழுந்து நேராக உள்ளே போனால் படிவே பற்றிக்கொள்ளும். அப்போது குழாய்க்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டலாம். வெளியே நிற்பவர்களுக்குக் குழாய் உறுமுவது கேட்கும். கீற்றின் நடுவே போகிற குழாயில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு உலகம் விறகைப் பற்றிப் பேசத் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய ‘அஸ்த்ரா’ மையத்திலிருந்து மூன்று பானை அடுப்பு ஒன்று வந்து கர்நாடகத்தில் பரவியது. சண்டிகருக்குப் பக்கத்தில் நாடா என்ற ஊரில் கட்டடக் கலைஞர் மது சரின், 1980-களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பெண்களையே அடுப்புக் கட்டுபவர்களாகப் பழக்கினார். கட்டுகிறவளும் சமைக்கிறவளும் ஒருத்தியே ஆனதால் துளையின் அளவையும் குழாயின் இடத்தையும் அவளே தீர்மானித்தாள். இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

பிறகு அரசு வந்தது. மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் 1980-களின் நடுவில் தொடங்கி 2002 வரை ஓடியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆள் ஊருக்கு வருவார். களிமண்ணில் அடுப்பைக் கட்டி, மூன்று அங்குலமோ நான்கு அங்குலமோ உள்ள ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயை நிறுத்திவிட்டுப் போவார். மானியம் கட்டுவதற்குத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து வந்து குழாயைத் தட்டிப் பார்ப்பதற்கு இல்லை. அடுப்பின் மண் விரிந்தது, குழாயில் கரி அடைத்தது, மழையில் கூரையும் குழாயும் சேருமிடம் ஒழுகியது. பெண்கள் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று கல்லுக்கே திரும்பிய ஊர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. அடைத்த குழாயோடு இருக்கும் மூடிய அடுப்பை விடத் திறந்த அடுப்பு நல்லது. அதிலாவது புகை எங்கே போகிறது என்று தெரியும்.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒடிசாவில் 2006-இல் தொடங்கி, 44 ஊர்களில் சுமார் 2,600 குடும்பங்களுக்குப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு கொடுத்து, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா ஆகியோர் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் காணாமல் போயிற்று. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை என்பதே அவர்கள் கண்ட காரணம். அதே பத்தாண்டில் குவாத்தமாலாவின் மலையூர்களில் கிர்க் ஸ்மித் குழுவினர் 534 வீடுகளில் புகைபோக்கி அடுப்பைச் சோதித்தார்கள். அங்கே குழந்தைகளுக்குப் போன கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய பாதியானது. மருத்துவர் கண்ட மொத்த நிமோனியாவில் உறுதியான வேறுபாடு தெரியாவிட்டாலும் கடுமையான நிமோனியா குறைந்தது. அங்கே களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தார்கள். உடைந்தால் உடனே சரிசெய்ய ஏற்பாடு இருந்தது. இரண்டு அடுப்புகளும் ஒரே வகை அல்ல, ஒப்பீடு முழுமையானதும் அல்ல. ஆனாலும் ஓரிடத்தில் புகைபோக்கி நின்று உழைத்ததற்கும் இன்னோரிடத்தில் தோற்றதற்கும் வாரம் ஒரு முறை வந்த அந்த ஆளே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்தப் புகையை முதலில் கருவி வைத்து விரிவாக அளந்தவர்கள் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர். நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகள். 2002-இல் முடிவு வெளிவந்தது. விறகில் சமைப்பவர் ஒரு நாள் முழுதும் சுவாசித்த நுண்துகள் சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். கேஸ் போன்ற தூய எரிபொருள் வைத்த வீடுகளில் 82. அந்த எண்ணைப் பார்த்த பிறகு வீட்டுச் சமையலுக்கு கேஸ்தான் தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு நல்ல குழாயும் கேஸ் அடுப்புக்கு ஈடாகாது.

ஆனால் விறகு ஊரை விட்டுப் போய்விடவில்லை. கல்யாணச் சமையலின் கோட்டையடுப்பு, ரொட்டி சுடும் அடுப்பு, பிரியாணிக் கடை, குளிக்க வெந்நீர் போடும் அண்டா என்று எத்தனையோ இடங்களில் அது எரிகிறது. தேங்காய்த்திட்டில் சிமென்ட் ஷீட்டுக்கும் கீற்றுப் பந்தலுக்கும் அடியில் ஒருவர் பெரிய விறகு அடுப்பு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும்? வெல்டிங் பட்டறையில் தகரக் குழாய் ஒன்றைச் சுருட்டி வாங்கி, கூரையில் ஓட்டை போட்டு, கிடைத்த உயரத்தில் நிறுத்திக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அடுப்பு, புகைபோக்கி, புகைவழி ஆகியவற்றின் தீப் பாதுகாப்புக்கென்று 1960-லேயே இந்தியத் தர நிறுவனம் ஒரு நெறிமுறை வெளியிட்டது, எண் 1645. பட்டறைக்காரர் கையில் அது இருந்து நான் பார்த்ததில்லை.

கட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தூரம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் பற்றக்கூடிய எதற்கும் நடுவே 18 அங்குலம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதி. மரத்தூண், மூங்கில், கீற்று எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆண்டுக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருக்கும் மரம் மெல்ல மாறி, புது மரத்தை விடக் குறைந்த வெப்பத்தில் பற்றும். பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சுக்கு இதனால் மதிப்பில்லை. ஒற்றைத் தகட்டுக் குழாயைக் கூரைக்குள் நுழைக்கவே கூடாது. அந்த இடத்தில் நடுவே காப்பு வைத்த இரட்டைக் குழாய் வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் புகைபோக்கி. கீற்றுக் கூரை என்றால் கூரை வழியே போவதையே விட்டுவிட்டு, செங்கல் சுவர் வழியே குழாயை வெளியே எடுத்து, கூரையிலிருந்து எட்ட நிறுத்துவது நல்லது.

உயரம் அடுத்தது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி, பத்து அடி தூரத்துக்குள் உள்ள எதையும் விட இரண்டு அடி உயரம் என்பதும் அதே விதிநூல் சொல்வது. ஓலை போன்ற எளிதில் பற்றும் கூரைக்கு மேல் குறைந்தது 1.8 மீட்டர் நிற்க வேண்டும் என்று பிரிட்டனின் கட்டட வழிகாட்டி கேட்கிறது. இங்கே அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று திரும்பும்போது பக்கத்து மாடியின் சுவரில் மோதிக் கீழே இறங்கும் காற்று, குட்டைக் குழாயின் வாயை அடைத்துவிடும். உயர்த்தினால் காற்று அசைக்கும் என்பதும் உண்மைதான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. மூன்று பக்கமும் இழுகம்பி கட்டாத குழாய் அப்படிப்பட்ட ஓர் இரவைத் தாங்காது. உப்புக் காற்றில் மெல்லிய தகரம் வெளியிலிருந்தும் தார் அமிலத்தால் உள்ளிருந்தும் அரிக்கப்படும்; தடித்த துருப்பிடிக்காத எஃகு விலை கூடினாலும் ஆண்டுகள் நிற்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம். சூட்டில் வெடிக்கும், அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

இணைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நல்ல கொத்தனாருக்கும் அடிக்கடி தவறும். மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கி அமர வேண்டும். கூரையில் மழைநீர்க் குழாய்க்குப் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும், ஆனால் புகை மேலே போகிறது என்பதால் புகைக் குழாயில் அதைத் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். உள்ளே வழியும் தார் இணைப்பு வழியாக வெளியே ஒழுகி, சூடான குழாயின் மேலேயே வடியும். படுக்கையாகப் போகும் பகுதி குட்டையாகவும் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிச் சாய்ந்தும் இருக்கட்டும். வாயில் மழைமூடியும் பொறி தடுக்கும் வலையும் வேண்டும். வலைதான் முதலில் அடைக்கும் என்பதால் ஏணி வைத்து எட்டக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். அடுப்பு பற்றவைக்கும்போது குழாயின் அடியில் ஒரு கைப்பிடிக் காகிதத்தை முதலில் எரித்துக் குழாயைச் சூடாக்கிவிட்டால் தொடக்கப் புகை அறைக்குள் கவிழாது.

குழாயின் அடியில் கரி வழிக்க ஒரு கதவு. இது இல்லாமல் கட்டிய புகைபோக்கி எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அடுப்பு தினம் எரிகிற கடையானால் மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் ஈர விறகு எரிந்தால் அதை விட அடிக்கடி, கதவைத் திறந்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கால் அங்குலம் படிந்திருந்தால் தூரிகை விட்டு வழிக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் குழாய்க்கு விலை பேசும்போதே, வழிப்பது யார், எந்த நாளில், கூலி எவ்வளவு என்பதையும் பேசி முடித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.